குப்பைக்குப் போன நாற்பத்தொரு பேர்

நடுநாயகமாக வீற்றிருக்கும் அருங்காட்சியகத் தலைவர் அவர்களே! தூரிகையைத் துணையாகவும் வண்ணத்தை வாழ்வாகவும் கொண்ட கலைஞர்களே! சான்றோர்களே, என்னைப் பெறாத தாய்மார்களே! உட்கார நாற்காலி இருந்தும் வாசலில் நின்றே கேட்கும் காவலர் அக்கா அவர்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

பின்வரிசையில் யாரோ “சத்தமாப் பேசுங்க” என்கிறார்கள். பேசுகிறேன் ஐயா. குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவனுக்குக் குரல் கொஞ்சம் கம்மித்தான் போகும்.

நான் கணிப்பொறிக்காரன். ஓவியச் சட்டத்தின் கீழே கட்டைவிரல் அளவில் ஒரு கேமரா வைப்பேன். பார்ப்பவர் கண் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, எத்தனை விநாடி நிற்கிறது என்று கணிப்பொறி குறித்துக்கொள்ளும். கூடத்தில் எந்தப் படம் இருக்கலாம், எது கிடங்குக்குப் போகலாம் என்று அந்தக் கணக்கு சொல்லும்.

மூன்றாம் கூடத்தில் ஓர் ஓவியம். மருத்துவமனைக் கட்டில், காலி. அதன் அடியில் ஒரு ஜோடி ஆண் செருப்பு. அவ்வளவுதான். கணவரை இழந்த ஒரு பெண்மணி வரைந்தது. சம்மதம் தந்த அறுபது பேரை அதன் முன் நிறுத்தினேன். சராசரி என்ன தெரியுமா? நான்கு விநாடி! கிடங்குக்கு அனுப்பலாம் என்று கையெழுத்திட்டேன். அந்த அம்மாவோ கிடங்கு வேண்டாமென்று வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டார்.

அன்று இந்தக் காவலர் அக்கா என்னை மறித்தார்.

“சார், அந்தப் படத்தை யாரும் பாக்கலைன்னு எழுதினீங்களாமே?”

“நான் எழுதலைக்கா, மெஷின் சொல்லுது.”

“கர்சீப்பால கண்ணை மூடிக்கிட்டு நின்னாங்களே, அவங்களை உங்க மெஷின் என்னன்னு எழுதுச்சு?”

சிரிக்காதீர்கள் நண்பர்களே, மெஷினுக்கு இருந்த விதியைக் கேளுங்கள்.

கண் நெடுநேரம் தென்படாவிட்டால் அந்தப் பதிவு பழுது, அழித்துவிடு. இதுதான் விதி. ஓடினேன். குப்பையில் கிடந்த பதிவுகளைத் திறந்தேன். ஒன்றல்ல, இரண்டல்ல, நாற்பத்தொன்று! ஒவ்வொன்றிலும் கண் கட்டிலுக்குப் போகிறது. செருப்புக்கு இறங்குகிறது. அங்கேயே நிற்கிறது, நிற்கிறது, பிறகு தொலைந்துபோகிறது. அழுதவர்களை எல்லாம் அழித்துவிட்டு, கடந்து போனவர்களை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன்!

கணிப்பொறியா குற்றவாளி? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். விதியை எழுதியது யார்? இந்த விரல்கள். அழி என்று ஆணையிட்டது யார்? இந்த அறிவு. அழுகையைப் பழுதென்று பெயரிட்டது யார்? நான்தான், அவையோரே, நான்தான்!

அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். படம் சமையலறையில், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் படத்தை மெல்ல முன்பக்கம் திருப்பினார். பிறகு கேட்டார்:

“நாப்பத்தொரு பேரா தம்பி? அந்தச் செருப்பைப் பாத்து அழறது நான் ஒருத்திதான்னு நெனச்சிட்டிருந்தேன்.”

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மா, இத்தனை பேர் முன்னிலையில் கேட்கிறேன், என்னை மன்னியுங்கள்.

அவர் ஓவியம் இன்று அதே சுவருக்குத் திரும்புகிறது. கேமராவும் இருக்கிறது. விதியை மட்டும் மாற்றிவிட்டேன். கண் தொலைந்தால் இனி அது பழுது என்று எழுதாது. ‘அருகே போய்ப் பார்’ என்று எனக்குச் சொல்லும்.

கேட்க வேண்டியதைக் கேட்ட அக்காவுக்கும், பொறுமை காத்த அவைக்கும் நன்றி. இப்போது திரை விலகும். கண்ணைத் துடைக்க வேண்டியவர்கள் தாராளமாகத் துடையுங்கள், நான் காத்திருக்கிறேன். வணக்கம்.