அந்தோணி வாசிக்கிற இடம்

எங்கள் தீவில், கராச்சர்மாவிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். கிட்டாரை மடியில் வைத்திருந்த இளைஞர் பெரியவரிடம் சொன்னார்:

"சர்ச் பாட்டுல, கிட்டார் தனியா லீட் வர்ற இடத்துல நான் சும்மா கார்ட்ஸ் மட்டும் போட்டுட்டு நிப்பேன்ணே."

"ஏன், உனக்கு லீட் வராதா?"

"வரும். அது அந்தோணி வாசிக்கிற இடம். எங்கூட வாசிச்ச ஃப்ரெண்டு. அவன் தீவை விட்டு மெயின்லேண்ட் போனதுலருந்து அந்த இடத்தை அப்படியே விட்டுருக்கேன். சர்ச்சுல யாரும் கேட்டதில்ல."

"புதுசா வந்த பாட்டு கேட்டியா? நடுவுல கிட்டார் மட்டும் தனியா வருதே."

"கேட்டேன். அவனுக்கும் அனுப்பினேன். 'பாட்டு கேக்கல்லாம் டைம் இல்லடா, கிட்டாரையும் வித்துட்டேன்'னு மெசேஜ் போட்டான்."

"அச்சா. அப்ப இனிமே நீயே வாசிச்சிடு."

இளைஞர் மடியிலிருந்த கிட்டாரை இழுத்து அணைத்துக்கொண்டார். பஸ் பத்துபஸ்தி ஸ்டாப்பைத் தாண்டியது.

"இந்த ஞாயித்துக்கிழமை வேணாம்ணே. அடுத்த ஞாயித்துக்கிழமை பாப்போம்."