பதுக்கல்காரப் பிஸ்கோத்து

அதைத்தான் தங்கச்சி நானும் சொல்லுதேன். பூசை வைக்கிற துளசிச் செடிக்கு அடியில பொரிச்ச மீனைக் கொண்டு போயிப் புதைச்சு வச்சா யாருக்குத்தான் வயிறு எரியாது. அதுவும் சைவ வீடு. பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து நீங்க இன்னும் மூட்டைகூடப் பிரிச்சு முடிக்கல, அதுக்குள்ள எங்க வீட்டு நாய் தன் வேலையக் காட்டிருச்சு. நீங்க கோவமா வந்தது நியாயம். உக்காருங்க. உக்காந்துகிட்டே கோவப்படுங்க, நின்னா கால் வலிக்கும்.

பிலோமி கிணத்தடிக்குப் போயிருக்கா. எம் மருமவ, மூத்தவன் செபாஸ்டின் பொஞ்சாதி. அவ வந்தா காப்பி போடுவா. நீங்க எங்க வீட்டுல குடிப்பியளோ என்னமோ... கருப்பட்டிக் காப்பிதான், மீன் சட்டிப் பக்கமே போகாத செம்பு ஒண்ணு தனியா வச்சிருக்கோம். வேண்டாமா? சரி, வேண்டாம்னா வேண்டாம். பழகினப்புறம் குடிப்பிய.

அந்தத் துளசிக்கு நான் பதில் சொல்லுதேன். இந்த ஊரு உப்பு மண்ணுல துளசி நிக்காது, தெரியுமா. இங்க பக்கத்துப் புதுக்கோட்டையிலேர்ந்து வார வண்டிக்காரன்கிட்டச் சொல்லி ஒரு கூடை செம்மண்ணு இறக்கச் சொல்லுதேன். செடி புதுசா நடுங்க. தொட்டியையும் நானே கழுவித் தந்திருவேன்... நான் தொடக்கூடாதுன்னா எங்க நாயைத் தோண்டச் சொல்லி நீங்களே கழுவிக்கிடுங்க. சிரிக்கக் கூடாதா, சரி.

இன்னா வாரான் பாருங்க, குத்தவாளி. பேரு பிஸ்கோத்து. ஒண்ணுந் தெரியாத மாதிரி வாலை ஆட்டுதான் பாத்தியளா. மூக்கெல்லாம் மண்ணு. இதை நாய்ன்னு யாராவது சொல்லுவாகளா? பூனைக்கு இளையது. தெருநாய் ஒண்ணு இவன் மேல தெரியாம படுத்துத் தூங்கிருச்சு ஒருநா. கத்தித் தீத்துட்டான்.

இது சீமைச் சாதியாம். எளையவன் வளன் கப்பல்ல வேலை பாக்கான். அந்தக் கப்பல்ல இருந்த சமையக்காரன் குடுத்தானாம். போன தடவ வந்தப்போ சட்டைப் பைக்குள்ள வச்சுக் கொண்டாந்தான். "யம்மா, நான் திரும்பி வார வரைக்கும் இவனைப் பாத்துக்கோ"ன்னு மடியில போட்டுட்டுப் போனான். பாத்துக்கிடுதேன். பாத்துப் பாத்துத்தான் இப்ப ஊரெல்லாம் பேச்சு வாங்குதேன்.

சின்ன நாய் ஏன் தீனியை ஒளிச்சு வைக்குன்னு நான் கேக்காத ஆளு இல்ல தங்கச்சி. மீன் கொண்டு வார சுடலைமாடத்தி சொல்லுதா, பெரிய நாய் வந்து பிடுங்கிரும்னு பயம், சண்ட போடத் தெம்பில்ல, அதனால மண்ணுக்குள்ள வச்சிருதுன்னு. அது சரின்னுதான் எனக்கும் பட்டுது. ஆனா இவன் பெரிய நாயைக் கண்டா ஒளியுத ஆளு இல்ல, காதைக் கடிக்கத் தாவுதான். எட்டாது, அது வேற.

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வேதமணி அண்ணாச்சி வேற மாதிரி சொல்லுதாரு. வயிறு நெறஞ்ச நாய்தான் புதைக்குமாம். மண்ணுக்குள்ள குளிர்ச்சியா இருக்கும், ஈ மொய்க்காது, பசிச்சா வந்து எடுத்துக்கிடலாம்னு அதுக்குத் தெரியுமாம். பெரிய நாய் ஒரே வாயில முழுங்கிரும். சின்ன நாய்க்கு வயிறு சின்னது, அதனால மிச்சம் பெருசு. "சலேத்தம்மா, மிச்சம் எங்க இருக்கோ அங்கதான் நாய் தோண்டும்"ங்காரு. எங்க வீட்டுல மிச்சமா? நல்லாச் சொன்னிய போங்கன்னு வந்துட்டேன். ரேசன் கடையில கால் கடுக்க நின்னு புழுத்த அரிசி வாங்குத காலத்துல மிச்சம் எங்கேருந்து வரும்? வெள்ளைக்காரன் சண்டை முடிஞ்சிட்டுன்னு வெடி போட்டாக. அரிசிக்கு அதை யாரும் சொல்லல போலுக்கு.

செபாஸ்டினுக்கு அதுதான் ஆத்திரம். அவன் துறைமுகத்துல வத்தைக்கு மேஸ்திரி. கப்பல் தூரக் கடல்லதான நிக்கும், வத்தைப் படகுலதான சரக்கை ஏத்தி எறக்கணும், அந்த வேலை. காத்துலயும் வெயில்லயும் நின்னுட்டு வீட்டுக்கு வந்தா, முத்தத்துல இவன் சோத்தைப் புதைச்சுக்கிட்டு இருக்கான். "ஊரே வரிசையில நிக்கி, இவன் பதுக்குதான் பாரு. சர்க்காரு பதுக்கல்காரனைத் தேடுது, பிடிச்சுக் குடுத்திரட்டுமா?"ன்னான். அன்னையிலேர்ந்து தெருவுல பதுக்கல்காரன்னாத்தான் இவனுக்கே தெரியுது. கூப்பிட்டா வாரான்.

வேடிக்கையாத்தான் இருந்துச்சு தங்கச்சி, சப்பாத்துக் கதை வர வரைக்கும்.

செபாஸ்டின் ஞாயித்துக்கிழமை பூசைக்குன்னு ஒரு சோடி சப்பாத்து வச்சிருக்கான், கல்யாணத்துக்கு வாங்கினது. அவசரமா மாட்டிக்கிட்டுப் போயிட்டான். நன்மை வாங்க, அதான் சாமியாரு கையால அப்பம் வாங்க, எல்லாரும் வரிசையா போவும்போது இவன் மட்டும் ஒரு காலை இழுத்து இழுத்துப் போறான். கால்ல சுளுக்குன்னு நெனச்சேன். வெளிய வந்து கழத்துதான், உள்ள சோத்து உருண்டை. நடுவுல ஒரு சாளை மீன். நன்மை வாங்கப் போனவன் காலுக்குள்ள விருந்து நடந்திருக்கு. பிலோமி சேலை முந்தானைய வாயில அமுக்கிக்கிட்டா, நான் செபமாலையப் பாக்குத மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். அவன் எங்க ரெண்டு பேரையும் பாத்துட்டு வெறுங்காலோட வீட்டுக்கு நடந்தான்.

அதுக்கு முந்தி மாதா படத்துக்கு முன்னால இருக்க பூந்தொட்டியில வச்சிருந்தான். சாயங்கால செபத்துக்கு மூக்கைப் பிடிச்சுக்கிட்டு "அருள் நிறைந்த மரியே" சொன்னோம். மாதா பொறுத்துக்கிட்டா. அவளும் வலைக்காரங்க மத்தியில பொழங்குனவதான.

ஆனா செபாஸ்டின் பொறுக்க மாட்டான். சப்பாத்தோட முடிவு பண்ணிட்டான். "இன்னும் ஒரு தடவ எங்கயாவது தோண்டினான்னு கேள்விப்பட்டேன், கொழும்புத் தோணியில ஏத்திருவேன்"ன்னு. நாளைக் காலையில தோணி கெளம்புது தங்கச்சி. அந்தத் தண்டலுக்கு, தோணி ஓட்டுதவருக்கு, சரக்குக்குள்ள எலி பிடிக்க நாய் வேணுமாம். பேசியே வச்சிட்டான். இவனைப் பாருங்க, இவன் எலியப் பிடிப்பானா? எலி இவனைப் பிடிச்சுட்டுப் போயிரும்.

அதனாலதான் தங்கச்சி, ஒங்க கையப் பிடிச்சுக் கேட்டுக்கிடுதேன். செபாஸ்டின் வார நேரந்தான். துளசிச் சமாச்சாரம் அவன் காதுக்குப் போவாண்டாம். வளன் வந்து "யம்மா, நாய் எங்க"ன்னு கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்? சண்டைக் காலத்துல போனவன். கூட இருந்த பையன் ஒருத்தன் வந்து, நல்லாத்தான் இருக்கான், மாதா கோயில் கொடியேத்தத்துக்குள்ள வந்திருவான்னு சொல்லிட்டுப் போனான். கடல் சமாச்சாரம், வந்து படியேறுனாத்தான் நிசம்.

என்ன கேக்கிய? என்ன மீனா? சாளைதான். நல்ல சாளை, இப்ப நெறையப் படுது...

முழுசாவா?

தலையோட வாலோடயா இருந்துச்சு? இருக்கும், இருக்கும். நாங்க முள்ளும் தலையுந்தான் போடுவோம்... இவன் எங்கயாவது... சுடலைமாடத்தி கூடையிலேர்ந்து... இல்ல, பொரிச்சதுன்னு நான்தான முதல்லயே சொன்னேன். ஆமா. அவ பச்ச மீன்தான் விக்கா.

காத்து என்னமா அடிக்கு பாத்தியளா. ஆடி பொறக்குமுன்னாலயே மண்ணை வாரி எறியுது. ஒங்க வீட்டய்யா சிவசுப்பிரமணியன் பிள்ளைக்கு ஆபீசு வேலை, நெழல்ல இருப்பாரு...

அப்படிப் பாக்காதிய தங்கச்சி. ஒங்க கண்ணு எங்க கோயில் சாமியாரு, பெரிய சாமி கண்ணு மாதிரி இருக்கு, செஞ்ச பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனத்துக்கு முட்டி போட வைக்குது.

சொல்லுதேன். கிணத்தடியில வாளிச் சத்தம் கேக்குதான்னு பாத்துக்கிடுங்க. கேக்குல்ல? சரி, பிலோமி இன்னும் அங்கதான் இருக்கா.

அது என் மீனு. சப்பாத்துக்குள்ள இருந்த சோறும் எஞ் சோறுதான்.

வளன் கரை ஏறுத வரைக்கும் ராச்சாப்பாடு சாப்பிடுததில்லன்னு மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டேன். நாங்க ஒருசந்தின்னு சொல்லுவோம், நீங்க விரதம்பிய. நேர்ந்துக்கிட்டதை வெளிய சொல்லப்பிடாது பாருங்க, சொன்னா நம்ம பெருமைக்கு ஆயிரும். ஆனா போன தவசுக் காலத்துல ஒருசந்தி இருந்து கோயில்லயே மயங்கி விழுந்துட்டேன். அதுலேர்ந்து செபாஸ்டினும் பிலோமியும் கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுல்ல பாக்காக. பெரிய சாமியும் சொல்லிட்டாரு, "சலேத்தம்மா, ஒனக்கு ஒருசந்தி கிடையாது. மாதாவுக்கு எதையாவது விடணும்னா, சோத்தைவிடப் பிரியமானது எதுவோ அதை விடு"ன்னு. வெத்தலையா, நான் போடமாட்டேன். காப்பிக்குச் சீனியா, ரேசன்ல அது தானா விட்டுப் போச்சு. வேற என்ன இருக்கு எங்கிட்ட?

அதனால அடுப்பங்கரை வாசப்படியில தட்டை வச்சுக்கிட்டு உக்காருவேன். பிலோமி முன்னாலயே நிப்பா. நல்ல பிள்ளை, இருக்கதுலயே பெரிய மீனை எனக்குத்தான் வைப்பா. அவ செம்புல தண்ணி மோந்து வரத் திரும்புவா பாத்தியளா, அந்த நேரந்தான். சேலைக் கொசுவத்துக்குப் பின்னால இவன் காத்துக்கிட்டு இருப்பான். ஒரு உருண்டை, ஒரு மீனு, ஒரு உருண்டை. "சாப்பிட்டாச்சா மாமி?"ன்னு கேட்டா தட்டைக் காட்டுவேன். நான் பொய் சொன்னதே இல்ல தங்கச்சி, தட்டுதான் சொல்லும்.

ஆனா பிலோமி இவனுக்குத் தனியா வேற போடுதா. அப்ப இவன் பூனை வயித்துக்குள்ள ஒரு மனுசி சோத்தை எப்படி வைப்பான்? கம்பவுண்டர் அண்ணாச்சி சொன்னது சரிதான். மிச்சம் நான்தான். பாவம், திட்டினாலும் அடிச்சாலும் இவன் ஒரு வார்த்தை காட்டிக் குடுக்கல பாருங்க.

உண்மையச் சொன்னா நேர்ச்சை போயிரும், வளனுக்கு என்ன ஆவுமோன்னு பயம். சொல்லாட்டா இவன் தோணிக்குப் போயிருவான். நேத்துலேர்ந்து இதான் மனசுக்குள்ள ஓடுது.

ஏலே, எங்க போற? தங்கச்சி, பாருங்க, ஓலைவேலிக்குள்ள நொழைஞ்சு மறுபடியும் ஒங்க பக்கந்தான் போறான். ஏலே பிஸ்கோத்து. வந்திருலே, அங்கன போவாத. தோண்டுத சத்தம் கேக்குதா? எந்தப் பக்கம்? முருங்க மரத்து மூட்டுலயா? அங்கயும் ஒண்ணு வச்சிருக்கான் போலுக்கே. மூக்கைப் பொத்திக்கோங்க, வாரான், வாயில கவ்விக்கிட்டு வாரான்.

இங்கனயா? எதுக்கு எங்கிட்டக் கொண்டாந்து...

நான் போட்ட மீனை எம் மடியிலயே வச்சிட்டான் பாத்தியளா. மண்ணோட. உக்காந்து மூஞ்சியவே பாக்கான். இதுவரைக்கும் இவன் யாருக்கும் ஒரு முள்ளு குடுத்ததில்ல தங்கச்சி.

மாதாவே. நான் ஒனக்குக் குடுத்ததை நீ இந்தப் பொடிப்பய கையில திருப்பி அனுப்பிட்டியா.

ஒண்ணுமில்ல, மண்ணு கண்ணுல விழுந்திருச்சு. சரி, புரிஞ்சு போச்சு. வேண்டாம்னு திருப்பிவிட்டதை வாங்கித்தான ஆகணும். இன்னைக்கு ராத்திரி சாப்பிடுதேன். இதை இல்ல, பிலோமி வைக்கிறதை. ஆனா கடல்ல ஒருத்தன் இருக்கானே, மாதாவுக்கு முன்னால நான் வெறுங்கையோட எப்படி நிக்க? பதிலுக்கு ஒண்ணு விடணுமே, சோத்தைவிடப் பிரியமானது. என்னத்தை விட, நீங்களே சொல்லுங்க.

என்ன சொன்னிய?

பேச்சையா?

சிரிக்காதிய. நான் அப்படி என்னத்தப் பேசிட்டேன்? கேட்டதுக்குப் பதில் சொன்னேன். நீங்க ஒண்ணுமே கேக்கலையா? கேட்டிய, மீனு முழுசான்னு கேட்டிய. அதுக்கு முந்தி நான் நாயைப் பத்தி... துளசி, செம்மண்ணு... ஆமா, கொஞ்சம் பேசிட்டேன் போலுக்கு.

பேச்சை விடுததா. வயித்துல அடிச்ச மாதிரி இருக்கு. சோத்தை விட்டப்போ இப்படி இல்ல. அப்போ இதுதான். பெரிய சாமி சொன்னது இதுதான் தங்கச்சி. ரொம்ப நாளா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், எனக்கு மட்டுந்தான் தெரியல.

சரி. நேர்ந்துக்கிட்டேன். தெனமும் அந்தி மணி அடிச்சா விடியுத வரைக்கும், செபத்துக்கு மட்டுந்தான் வாயத் தொறப்பேன், வளன் வந்து படியேறுத வரைக்கும். மாதாவே, நீயே சாட்சி. இந்தத் தங்கச்சியும் சாட்சி.

அப்ப செபாஸ்டினுக்கு யாரு சொல்லுவா? நீங்கதான் சொல்லணும். துளசியையும் சொல்லிருங்க, சோறு யாரோடதுன்னும் சொல்லிருங்க, இனிமே நாய்க்கு மிச்சம் வராது, தோண்ட மாட்டான், தோணியெல்லாம் வேண்டாம்னு சொல்லிருங்க. சைவ வீட்டுப் பொம்பளையே வந்து நாய்க்குப் பரிஞ்சு பேசினா அவன் என்ன செய்வான்? என்னைய ஏசுவான். ஏசட்டும், எனக்குத்தான் பதில் பேச்சே கிடையாதே. அதுவும் ஒரு வசதிதான். தலையாட்டுதியளா? நெசமாவா? ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும் தாயி.

அன்னா, தெருமுனையில செபாஸ்டின். மூஞ்சிய உர்ருன்னு வச்சுக்கிட்டு வாரான், இன்னும் கோவம் ஆறல.

மணி அடிச்சிட்டா? இல்ல இல்ல, இது முத மணி. மூணு தடவ அடிக்கும், இன்னும் ரெண்டு இருக்கு. மடியில இருக்கதை எடுத்து இலையில வைக்கணும், பிலோமியை உலை கூடுதலா வைக்கச் சொல்லணும், செம்மண்ணு வண்டி வெள்ளிக்கிழமதான் வரும், நீங்களே அவன்கிட்ட...

ரெண்டாவது. இன்னும் ஒண்ணு அடிச்சா வாய மூடிரணும். தங்கச்சி, முக்கியமானதைச் சொல்லாமலே விட்டுட்டேன் பாத்தியளா. இந்த வளன் பய இருக்கான், அவன் சின்னப் பிள்ளையில அப்படியே இந்த நாய் மாதிரிதான், பணியாரத்தைக் கொண்டு போயி ஒருநா எங்க ஒளிச்சு வச்சான்னு கேளுங்க, கோயில்ல நம்ம பெரிய சாமியோட