சரளைக் கடல்

பாசிக்குச் சப்பாத்து ஆகாது. கழட்டி அந்தப் பலகையில வைச்சிட்டு வாங்கோ நித்தியானந்தன், தேத்தண்ணி ஊத்திறன். இந்தக் காத்துக்குள்ள ஹொல்ஸ்டெப்ரோவில இருந்து சைக்கிள் மிதிச்சு வந்திருக்கிறியள், களைச்சுப்போனியள். நானும் களைச்சுத்தான் இருக்கிறன் தம்பி. சுத்தி வளைக்காமல் கதைப்பம்.

உங்கட கோபம் எனக்கு விளங்குது. எங்கட ஆக்கள் குடும்பத்தைக் கூப்பிடக் குடுத்த விண்ணப்பங்களை டென்மார்க் அரசாங்கம் எடுக்காமல் கிடப்பில போட்டதுக்கு இப்ப விசாரணை நடக்குது. நீங்கள் வக்கீல்மாருக்கு மொழிபெயர்க்கிறியள். மனிசியையும் பிள்ளையையும் பறிகுடுத்த ஸ்ரனிஸ்லாஸ் அண்ணையை, அதான் என்னை, சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு வாக்கும் குடுத்திட்டியள். இப்ப பாத்தால் என்ர பைலையே காணேல்லையாம். அதையும் ஒளிச்சுப்போட்டாங்கள் எண்டு பல்லைக் கடிக்கிறியள். கொஞ்சம் பொறுங்கோ.

நான் இந்தத் தோட்டத்துக்கு வந்தது எண்பத்தாறில. அகதி முகாமால வெளிய விட்ட கையோட, புல்லுப் புடுங்க ஒரு ஆள் வேணும் எண்டு ஹோல்கர் கேட்டவர். கப்பலில எஞ்சினியரா இருந்து ஜப்பானுக்குப் போய்வந்த மனுசன். பெஞ்சன் எடுத்தாப்பிறகு யூலண்ட் மணலுக்குள்ள இந்த ஜப்பான் தோட்டத்தை உண்டாக்கினார். எனக்குப் பின் வீட்டில ஒரு அறையைத் தந்தார்.

வேலைக்கு நடுவில கதை கதையாச் சொல்லுவார். ஆயிரம் வருசத்துக்கு முந்தி அங்கத்தைப் பிரபுக்கள் குளம் வெட்டி, நடுவில தீவு வைச்சு, வள்ளத்தில இருந்து பாட்டுக் கட்டினவையாம். பிறகு துறவியள் வந்து, தண்ணியே வேண்டாம் எண்டு சரளைக்கல்லைக் கொட்டி, பல்லு வைச்ச விறாண்டியால கோடு இழுத்து, இதுதான் கடல் எண்டிச்சினம். அதுக்குப் பிறகு வந்தவை தேத்தண்ணி குடிக்கிறதையே ஒரு பூசை மாதிரிச் செய்தவை. அவைதான் நடக்கிறதுக்குக் கல்லுப் பதிச்சது. வேணுமெண்டு ஒழுங்கில்லாமல் பதிச்சிருக்கு. அப்பதான் வாற ஆள் காலைப் பாத்து, வாயை மூடிக்கொண்டு நடக்கும்.

முதல் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாங்கள் வீட்டு முத்தம் கூட்டுறது நாலு சனம் வந்து இருக்க. இந்த மனுசன் கூட்டுறது ஒருத்தரும் கால் வைக்கக்கூடாதெண்டு. ஆனா ஒருநாள் விடியக் கோடு இழுத்து முடிச்சு நிமிந்து பாத்தன். செல் விழுந்து வெடிக்கிற சத்தம் இல்லை. முகாமில பக்கத்துக் கட்டிலுக்காரன்ர குறட்டை இல்லை. குசினிக்குள்ள ஆர் கறிச்சட்டியைக் கழுவேல்லை எண்ட சண்டை இல்லை. அழுதன் தம்பி, சந்தோசத்திலதான்.

அந்த மூங்கில் பக்கம் பாருங்கோ. உள்ளங்கை அளவு கல்லு ஒண்டைக் கறுப்புக் கயிற்றால பொட்டலம் மாதிரிக் கட்டி, நடைக்கல்லுக்கு மேல வைச்சிருக்கு. அதுக்கங்கால வரவேண்டாம் எண்டு அர்த்தம். வேலி இல்லை, அறிவித்தல் பலகை இல்லை. காலை எடுத்து வைச்சால் தாண்டலாம். ஆனா நல்ல விருந்தாளி அதைக் கண்டால் ஒரு கேள்வியும் கேக்காமல் திரும்பிப் போயிடுவார். அந்தப் பண்பு எனக்கு நல்லாப் பிடிச்சுக்கொண்டுது.

எண்பத்தெட்டில என்ர மனிசி மேரிசெலின் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மன்னாரில இருந்து கொழும்புக்கு வந்தா. கொட்டாஞ்சேனையில ஒரு லொட்ஜ். கிளோறியாவுக்கு அப்ப ஆறு வயசு. "இஞ்ச மட்டும் வந்திட்டம், எப்ப கூப்பிடுவியள்" எண்டு ரெலிபோனில கேட்டா. அந்த லொட்ஜில வேற பொம்பிளையளும் நிண்டவை. எல்லாருக்கும் ஒரே மறுமொழிதான், குடும்பம் கூப்பிடுறதை டென்மார்க்கில நிப்பாட்டிப்போட்டாங்கள் எண்டு. நானும் அதைத்தான் சொன்னன். குரலை உயத்தேல்லை, வராதை எண்டு சொல்லேல்லை. நிப்பாட்டிப்போட்டாங்கள் எண்ட அந்தச் சொல்லை மட்டும் வைச்சன். மேரிசெலின் நல்ல வளப்பு. "அப்ப நாங்கள் ஊருக்குத் திரும்பிப் போறம், நீங்கள் கண்டதையும் யோசிச்சு உடம்பைக் கெடுக்காதேங்கோ" எண்டா.

அடுத்த வருசம் திரும்பத் திறந்திட்டாங்கள் எண்டு நீங்கள்தான் ஓடிவந்து சொன்னனீங்கள். என்னைப் போலக் காத்திருந்த பாலேந்திராவின்ர மனிசி பிள்ளையள் வந்து இறங்கினதையும் சொன்னியள். உங்களுக்கு நன்றி சொல்லி, தேத்தண்ணி தந்து அனுப்பினன். மன்னாருக்கு, இன்னும் திறக்கேல்லை, செபம் பண்ணுங்கோ எண்டு எழுதினன். அவவும் செபம் பண்ணினவா.

தொண்ணூறில சண்டை திரும்பத் துவங்க, சனம் இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறிச்சுது. மேரிசெலினும் பிள்ளையும் ஏறின வள்ளம் போய்ச் சேரேல்லை.

இஞ்ச அவையளுக்காகப் பூசை வைச்சம். ஒடென்சேயில இருந்தும் ஓல்போர்க்கில இருந்தும் ஆக்கள் வந்தவை. ஒரு டெனிஷ் மனுசி என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, தன்ர நாட்டுக்காக மன்னிப்புக் கேட்டு விக்கி விக்கி அழுதா. பரவாயில்லை எண்டு சொன்னன். அந்த நேரத்தில வேற என்னத்தைச் சொல்லுறது.

அதனால வக்கீல்மாரை அலைய விடாதேங்கோ. என்ர பைல் தொலையேல்லை. இஞ்ச விண்ணப்பங்களைப் பாரமெடுக்கிறது பொலிஸ்தான், நான் அங்க போய்க் குடுக்கவே இல்லை. நிப்பாட்ட முந்தியும் குடுக்கேல்லை, திறந்தாப்பிறகும் குடுக்கேல்லை. மற்றவையின்ர குடும்பங்களை அவங்கள் மறிச்சது உண்மை. என்ர குடும்பத்தை மறிச்சது நான்.

தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ. அப்பிடிப் பாக்காதேங்கோ தம்பி. அவையளில எனக்கு ஒரு வெறுப்பும் இல்லை. ஆனா ஒரு குடும்பம் வந்தால் உடுப்புக் காயவிடக் கொடி கட்டவேணும். மீன் பொரிக்கிற மணம் வரும், ரேடியோ பாடும், பிள்ளை சரளைக்குள்ள ஓடும். ஒரு பாசி பிடிக்க எத்தினை வருசம் எடுக்கும் தெரியுமே? ஹோல்கரிட்டை ஒருக்கால் இதைச் சொன்னன். அவர் என்ன சொன்னவர் எண்டால், "அவையளை வரச்சொல்லு, பின் வீட்டை முழுக்க எடு, சரளையில கோடு நாளைக்குத் திரும்ப இழுக்கலாம்." வயசு போக மனுசன்ர மனம் இளகிப்போச்சு. அவர் சாகிறவரைக்கும் இந்தத் தோட்டத்தை அவரிட்டையிருந்தும் நான்தான் காப்பாத்தவேண்டியிருந்தது.

ஒண்டைச் சொல்லாமல் விட்டிட்டன். கொழும்பில இருந்து எடுத்த அண்டைக்கு, கடைசியில மேரிசெலின் ரெலிபோனைப் பிள்ளையிட்டைக் குடுத்தவா. இஞ்சத்தை அமைதியைப் பற்றி நான் எழுதினதைத் தாய் வாசிச்சுக் காட்டியிருக்கிறா போல. கிளோறியா மெதுவா, காதுக்குள்ள ரகசியம் சொல்லுற மாதிரி, "அப்பா, நான் அங்க சத்தம் போடமாட்டன்" எண்டது.

சின்னப்பிள்ளையள் சொல்லுறதுதான் தம்பி. பிறகு சொன்னபடி இருக்காதுகள்.