இது வேற சகாய்

…எண்ணாம யாராவது டப்பா கட்டுவாங்களா தம்பி? எண்ணித்தான் கட்டினேன். இந்த ஹால்ல இன்னிக்கு யார் யார் இருந்தாங்கன்னு தூக்கத்துல எழுப்பிக் கேளுங்க, சொல்றேன். ஹெட்மாஸ்டர் ஒண்ணு, உதவி ஹெட்மாஸ்டர் ஒண்ணு, கோச் ஒண்ணு. பத்திரிகைக்காரங்க பதினாலு. டிவி மூணு கம்பெனி, கம்பெனிக்கு மூணு ஆளு, ஒன்பது. கடைத்தெரு சங்கத்து ஆளுங்க நாலு, மாடியிலேர்ந்து பேனரை இறக்கி விடறதுக்குன்னே வந்தவங்க. வெளிய முற்றத்துல டீம் பசங்க இருபத்தெட்டு. அப்புறம் இந்தக் கூட்டமெல்லாம் யாருக்காக வந்துச்சோ அந்தப் பையன் சகாய் ஜுன்யா, அவங்கம்மா, நான். அறுபத்தொண்ணு. நல்ல காரியம்னா பொங்கற செம்பயறுச் சோறு அறுபத்தொரு டப்பா, ஆளுக்கு ஒரு பன்றிக் கட்லெட்.

நீங்க அடுக்குங்க, அடுக்கிக்கிட்டே கேளுங்க. வாடகை நாற்காலிய எடுத்துட்டுப் போக இன்னிக்கே ஆள் வருவாங்கன்னு யாரு நெனச்சா. உங்களைக் கணக்குல சேர்க்கலை, தப்பா எடுத்துக்காதீங்க.

நாற்காலி மேல பாத்தீங்களா? அதா, அங்க. அங்க ஒண்ணு. அந்த வரிசை பூரா. கையில வாங்கினானுங்க, தலையக் குனிஞ்சு நன்றி சொன்னானுங்க, உக்காந்த எடத்துலயே வச்சுட்டுப் போயிட்டானுங்க. படிச்சவங்க. தோக்கியோவுலேர்ந்து வந்தவங்க. டப்பா மூடியக் கூடத் தொறக்கலை.

இந்தப் பத்திரிகைக்காரங்க இருக்காங்களே… நான் சொல்றேன் தம்பி, ஒரு புள்ளைய அவன் போக்குல வளர விட மாட்டாங்க. ஜுன்யா இந்தப் பள்ளிக்கூடத்துல வந்து சேர்ந்தப்ப அவனுக்குப் பதினஞ்சு வயசு. ஒரு பேஸ்பால் ஆட்டத்துல பந்து எறிஞ்சான், வலைக்குப் பின்னால எவனோ வேகம் பாக்கற துப்பாக்கியப் பிடிச்சிருக்கான், நூத்தி நாப்பத்தெட்டு கிலோமீட்டர்னு காட்டிடுச்சு. மறுநாள் காலைல மொதப் பக்கத்துல ‘பனிநாட்டு ராட்சசன்’. அந்தப் பையன் பஸ்ல கெழவிங்களுக்கு எடம் விட்டுட்டு எறங்கற எடம் வரைக்கும் நின்னுக்கிட்டு வருவான். அவன் ராட்சசனாம்.

அன்னிலேர்ந்து ஆரம்பிச்சுதுங்க. உள்ளங்கைய அளந்தாங்க. பாதத்தை அளந்தாங்க. அவங்கம்மா மீன் டப்பா ஃபேக்டரியில வேலை பாக்கறா, அந்த ஃபேக்டரி வாசல்ல போயி நின்னு, கர்ப்பமா இருந்தப்ப என்ன மீன் சாப்பிட்டீங்கன்னு கேட்டாங்க. நான் பள்ளிக்கூட கேட்டுக்கு எதிர்த்தாப்புல கடை வச்சிருக்கேன், பசங்க எல்லாம் நம்மகிட்டதான் சாப்பாடு. அதனால என்கிட்டயும் வந்தாங்க. வராதீங்கன்னு சொல்ல முடியுமா? வந்தவங்களுக்கு டீ குடுத்தேன்.

‘ராட்சசன் ஒரு வேளைக்குப் பத்துக் கிண்ணம் சோறு’ன்னு எழுதினாங்களே, படிச்சிருப்பீங்க. சுத்தப் பொய். அவன் மூணு கிண்ணம் சாப்பிடுவான், மீன் நல்லா இருந்தா நாலு. நான் சொன்னது என்ன? அந்த நிருபர் கேட்டான், அம்மா, பையன் ஏழு கிண்ணம் சாப்பிடுவானா? சாப்பிடலாம்னேன். பத்து? வளர்ற புள்ளை, பத்துன்னா என்னன்னேன். அவ்வளவுதான். ‘என்ன’ன்னு நான் கேட்ட கேள்விய எடுத்துட்டு பத்த மட்டும் எழுதிட்டான்.

அப்புறம் அந்தக் காக்கா கதை. அஞ்சு வயசுல பனி உருண்டை எறிஞ்சு பறக்கற காக்காவ விழ வச்சானாம். டிவியில பொம்மை படம் போட்டுக் காமிச்சாங்க. காக்காவாவது விழறதாவது. அன்னிக்கு அவங்கம்மாவோட நம்ம கடைக்கு வந்திருந்தான், நான் பாத்தேன்; உருண்டை கீழ ஒரு பக்கம் போச்சு, காக்கா ஒரு பக்கம் போயி மின்கம்பத்துல உக்காந்துச்சு. நான் கையைக் கீழ காமிச்சு ‘இப்படிப் போச்சு’ன்னேன். அந்த டிவிக்காரப் பொண்ணு விழுந்துச்சான்னு கேட்டா. அவ மூஞ்சியப் பாத்தா பாவமா இருந்துச்சு, அவ்வளவு தூரம் ரயில்ல வந்திருக்கா. சரின்னுட்டேன்.

ஸ்டேஷன்ல ‘ராட்சசன் பன்’னு ஒண்ணு விக்கறாங்க தெரியுமா? ஒண்ணுமில்ல, சாதா பன்னு, மேல பல்லு மாதிரி க்ரீம். அந்தப் புள்ளை பேரை வச்சுப் பொழைக்கறாங்களேன்னு எனக்கு வயிறு எரிஞ்சுது. நம்ம கடையில ‘ராட்சசன் சாப்பாடு’ இருக்கு, அது வேற. அதுல நெஜமாவே கட்லெட் ரெண்டு.

அந்தக் காலைத் தூக்குங்க, கம்பி சிக்கியிருக்கு. ஆங்.

சரி, இந்த வருஷத்துக்கு வர்றேன். பேர் கூப்பிடற நாள்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும். பன்னெண்டு டீமும் தோக்கியோவுல ஒரு ஹோட்டல்ல உக்காந்துக்கிட்டு, சுத்துச் சுத்தா, எந்தப் பையன் வேணும்னு ஒவ்வொரு பேரா படிப்பாங்க. அந்தப் பேர்ல ஒண்ணா வந்தா பொழப்பு. வரலைன்னா ஜுன்யாவுக்கு இதோட பேஸ்பால் முடிஞ்சுது. அவங்கம்மாவுக்கு வாக்கு குடுத்திருக்கான். இந்த ஒரு நாள் பாக்கறேன், கூப்பிடலைன்னா கையுறைய எடுத்து உள்ள வச்சுட்டு ஃபேக்டரியில சரக்குத் தூக்கற வண்டி ஓட்ட லைசென்ஸ் எடுக்கறேன்னு. அவ ஒருத்தி சம்பாத்தியத்துல காலேஜெல்லாம் நடக்காது. அது நியாயம்தான். அவன் மொதல்லயே சரின்னுட்டான். அவன் எல்லாத்துக்கும் சரிதான் சொல்வான்.

வசந்தம் வரைக்கும் வலைக்குப் பின்னால துப்பாக்கி பிடிச்சுக்கிட்டு பத்துப் பதினோரு டீம் ஆளுங்க வரிசையா நிப்பாங்க. மொதச் சுத்துலயே அவன் பேருக்கு நாலு டீம் சண்டை போடும்னு எழுதினாங்க. அப்புறம் ஜூன் மாசம் ஒரு பத்திரிகையில வந்துச்சு, ‘ராட்சசனின் வலது முழங்கை பழுதா?’ கடைசியில கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறிய எவன் பாக்கறான். ஒரு வாரத்துல வலைக்குப் பின்னால மூணு பேரு. அப்புறம் ஒருத்தன். அவனும் வேற பையனைப் பாக்க வந்தவன்.

எவன் கெளப்பி விட்டான்? கை பழுதுன்னு எந்த டாக்டர் சொன்னான்? நான் அந்த நிருபர்கிட்ட சொன்னது ஒரே ஒரு வார்த்தை. பையன் ரெண்டு நாளா இடது கையால சாப்பிடறான்னேன். அது உண்மை. இடது கையால குச்சியப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு பயறா எடுத்துத் தின்னான், பாக்க வேடிக்கையா இருந்துச்சு, சொன்னேன். ஏன்னு அவன் கேட்டிருக்கணும். கேக்க வேண்டியது அவன் வேலையில்லையா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேனா என்னவோ… எண்ணெய்ச் சட்டிய எறக்கி வைடான்னு நான்தான் ஜுன்யாகிட்ட குடுத்தேன். பிடி சுட்டுச்சுன்னு நான் கவனிக்கலை. வலது கை ரெண்டு விரல்ல கொப்புளம். ரெண்டு நாள்ல காஞ்சு போச்சு. ஆனா கடையில பையன் கையச் சுட்டுட்டாங்கன்னு பேப்பர்ல வந்தா என் கடை என்ன ஆகும்? அவனும் எங்கயும் வாயத் தொறக்கலை. கோச் கேட்டப்பகூட ஒண்ணுமில்லைன்னுட்டானாம். ஒண்ணுமில்லைன்னு சொன்னா ஏதோ இருக்குன்னு அர்த்தம் பண்ணிக்கறாங்க. இந்தக் காலம் அப்படி.

இன்னிக்கு மத்தியானம் பாக்கணும் நீங்க. டிவிக்காரங்க எல்லாத்தையும் முன்கூட்டியே எடுத்து வச்சுக்கறாங்க. அந்தம்மாகிட்ட வந்து, கொஞ்சம் அழுங்கம்மா, கூப்பிட்டா அழற அழுகை ஒண்ணு, கூப்பிடலைன்னா அழற அழுகை ஒண்ணு, ரெண்டும் வேணும்னாங்க. அவ பொறுமையா சொன்னா, எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதாங்க வரும், எதை வேணா எதுக்கு வேணா போட்டுக்குங்கன்னு. கடைசியில அழவும் இல்லை.

முற்றத்துல பசங்க தூக்கிப் போடறதுக்கு ஒத்திகை பாத்தாங்க. பேர் வந்ததும் பையனை மேல தூக்கிப் போட்டுப் பிடிக்கணுமில்ல, அந்தப் படம் இல்லாம எந்தப் பேப்பரும் வராது. ஜுன்யாவ முன்னாலயே தூக்கினா ராசி இல்லைன்னு ஒரு ஒல்லிப் பையனைத் தூக்கிப் போட்டுப் பாத்தாங்க. ரெண்டாவது தடவை கீழ விட்டுட்டாங்க. அவன் எழுந்து மண்ணைத் தட்டிக்கிட்டு, ஜுன்யா என்னை மாதிரி ரெண்டு மடங்குடா, நல்லாப் பிடிங்கன்னுட்டுப் போயிட்டான்.

மொதச் சுத்துல பேரு வரலை. ரெண்டாவதும் வரலை. ஹெட்மாஸ்டர் தண்ணி குடிச்சாரு. மூணாவது முடிஞ்சப்ப அஞ்சு பத்திரிகைக்காரங்க மெதுவா கடிகாரத்தைப் பாத்தாங்க. ஜுன்யா அந்த நீலத் துணி போட்ட மேஜைக்குப் பின்னால நேரா உக்காந்திருக்கான், முட்டி மேல கைய வச்சுக்கிட்டு. கேமரா வெளிச்சம் மூஞ்சில. வேர்வையத் தொடைக்கக்கூட இல்லை.

நாலாவது சுத்து. டிவியில அந்த ஆளு படிக்கறாரு. ‘சகாய்… ஜுன்யா.’

பின்னாலேர்ந்து யாரோ ‘வந்துடுச்சு’ன்னு கத்திட்டாங்க.

அவ்வளவுதான் தம்பி. கதவு எங்க ஜன்னல் எங்கன்னு தெரியாம பசங்க உள்ள பூந்தாங்க, அவனை அப்படியே நாற்காலியோட தூக்கி முற்றத்துக்குக் கொண்டு போனாங்க. கேமரா எல்லாம் பின்னால ஓடுச்சு. மாடியிலேர்ந்து பேனர் எறங்குச்சு. ஹெட்மாஸ்டர் யாரைப் பாத்தாலும் குனியறாரு, நாற்காலிக்குக்கூட ஒரு தடவை குனிஞ்சாரு. நான் டப்பாவ எடுத்து வர்றவங்க கையில எல்லாம் திணிச்சேன்.

அந்த டிவி ஆளு மட்டும் நிறுத்தாம படிச்சுக்கிட்டே இருந்திருக்காரு. பேருக்கு அப்புறம் வயசு, என்ன ஆட்டக்காரன், எந்த ஊரு, எல்லாம் படிப்பாங்களே. இருபத்தி நாலு வயசு. நீகாதா பக்கம் ஏதோ காகிதக் கம்பெனி டீம். ஒரே சத்தத்துக்கு நம்ம எழுத்துல எத்தனையோ எழுத்து இருக்கில்ல, நம்ம சகாய் சாராயத்துக்குப் போடற ‘சகா’. அந்த சகாய் மலைச்சரிவுக்குப் போடற ‘சகா’. ஜுன்யாவும் எழுத்து வேற. காதுக்கு ரெண்டும் ஒண்ணு. எழுத்து டிவியில பெரிசா வந்துச்சாம், டிவியப் பாக்க ஹால்ல யாரு இருந்தா? அவங்கம்மா ஒருத்திதான். எழுந்திரிக்கவே இல்லை. முழுசும் கேட்டிருக்கா.

அப்புறம் வெளிய வந்தா. சொல்றதுக்கு அங்க எடமே இல்லை, அவ்வளவு சத்தம். ஓரமா நின்னு, கைய முன்னால கோத்துக்கிட்டு, அவன் கீழ வர்றதுக்குக் காத்துக்கிட்டிருந்தா. மூணாவது தடவை மேல போனப்ப அவன் அவளைப் பாத்துட்டான். மேலேர்ந்து எல்லாம் தெரியுமில்ல. எறக்குங்கடான்னான். பசங்க சிரிச்சாங்க. எறக்குங்கடான்னு மறுபடியும் அதே குரல்ல சொன்னான், அப்புறம் எறக்கிட்டாங்க.

தொப்பியத் தேடி எடுத்தான். எல்லாரையும் பாத்து ஒரு கும்பிடு போட்டான். ‘இது வேற சகாய்’னான். நாற்காலியத் தூக்கிட்டு வந்து அதே எடத்துல போட்டு, அதே மாதிரி உக்காந்தான். கடைசிப் பேரு படிச்சு முடிச்சு, நன்றி வணக்கம்னு சொல்ற வரைக்கும் உக்காந்திருந்தான். வரலை. அஞ்சாவதுலயும் வரலை, ஆறாவதுலயும் வரலை. அதுக்குள்ள ஹால்ல பாதி காலி. அந்தத் தூக்கிப் போட்ட படத்தை இப்ப எல்லா டிவியிலயும் போட்டுக்கிட்டிருக்கானுங்க, கீழ ‘தவறிய கொண்டாட்டம்’னு எழுதி.

கத்தினது யாருன்னு கோச் கேட்டாரு. எனக்கும் கோபம்தான். பொறுப்பு வேணாமா? ஒரு வரி முழுசாக் கேட்டுட்டு கத்தினா என்ன கொள்ளை போகுது? பின்னாலேர்ந்துதான் வந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. பின்னால யாரு இருந்தா? பின்னால சுவரு. சுவத்துக்கு முன்னால டப்பா மேஜை. மேஜைக்கு முன்னால… நான் டப்பா அடுக்கிக்கிட்டிருந்தேன், கை வேலையா இருந்தேன், வாயைக் கவனிக்க முடியுமா?

எல்லாரும் போனப்புறம் ஜுன்யா கடைப் பின்பக்கம் வந்தான். ஒரு டப்பாவப் பிரிச்சு, நின்னுக்கிட்டே சாப்பிட்டான். பயறு ஒண்ணுகூட மீதி வைக்கலை. கழுவி வச்சான். சோத்துல உப்பு கம்மியாடான்னு கேட்டேன். சரியா இருக்குன்னான். அப்புறம் வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டே சொல்றான், “அத்தை, நெஜமாக் கூப்பிட்டிருந்தாலும் அவ்வளவு உயரம்தான் தூக்கிப் போட்டிருப்பாங்க.” சொல்லிட்டு அவங்கம்மாவோட பஸ்ஸுக்குப் போயிட்டான். என்னைத் திட்டறானா, தேத்தறானான்னு ஒண்ணும் புரியலை. அவன் மூஞ்சில எதுவும் தெரியாது. அதைத்தான் ராட்சசப் பார்வைன்னு எழுதினானுங்க.

இதை எடுத்துக்குங்க தம்பி. வேணாம்னு சொல்லக்கூடாது. ஆறினாலும் நல்லா இருக்கும், நாளைக்குக் காலைல ஆவியில வச்சா… அட, பிடிங்க. அங்க வைக்காதீங்க, கையில பிடிங்க. சரி, வண்டியில நாற்காலிய ஏத்திட்டு வந்து எடுத்துக்குங்க.

அதுக்குள்ள எண்ணிடறேன். பசங்க இருபத்தெட்டு பேரும் அழுதுக்கிட்டே தின்னாங்க, சரி. ஹெட்மாஸ்டருங்க ரெண்டு பேரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. சங்கத்து ஆளுங்க நாலு. டிவியில மைக் பிடிக்கற பொண்ணு ஒருத்தி மட்டும் பசிச்சு சாப்பிட்டா, நல்லா இருப்பா. ஜுன்யா ஒண்ணு. முப்பத்தாறு. கோச் வேணாம்னுட்டாரு, அந்தம்மா தொடவே இல்லை, எனக்கும் எறங்கலை. உங்களுக்கு ஒண்ணு போனா மீதி இருபத்தி நாலு. இருபத்தி நாலு டப்பா செம்பயறுச் சோத்தை நான் எவன் வீட்டு விசேஷத்துக்குன்னு…

தம்பி? அது உங்க வண்டிச் சத்தமா?

தம்பி, டப்பா…

இருபத்தஞ்சு.