செயலாளர் வீட்டு ஸ்கூட்டர்

ராஜையன்: மிதிக்காதட்டி, மிதிக்காத! கிக்கர் ஒடிஞ்சு கையில வந்துரும்.

தங்கபாய்: நேத்து வரைக்கும் ஒத்த மிதில ஓடுன வண்டி. இன்னைக்கு என்ன கொள்ளை வந்து இதுக்கு?

ராஜையன்: மெஷினாக்கும். எப்ப நிக்கும்னு யாரு கண்டா…

தங்கபாய்: நாமினேஷனுக்கு இன்னைக்கு கடைசி நாளுன்னு வண்டிக்கும் தெரிஞ்சிருக்கு.

ராஜையன்: அதுக்கு நான் என்ன செய்ய? நான் தடுத்தேனா? சபைச் செயலாளருக்கு எதிரா அவரு பெஞ்சாதியே நிக்கப் போறான்னு ஊரெல்லாம் சிரிப்பு. நான் ஒரு வார்த்த பேசினேனா? போ, நில்லு, தோத்துட்டு வா. அதாக்கும் ஜனநாயகம்.

தங்கபாய்: அந்த ஜனநாயகம் பத்தாம் நம்பர் ஸ்பானர எடுத்துத் தரட்டு.

ராஜையன்: ஸ்பானர் எதுக்கு? பிளக்க மட்டும் களத்து. உப்புத்தாளு வச்சு தேய். பைய… நல்லா பளபளன்னு வரணும். அவசரமே படாத.

தங்கபாய்: பிளக்கு புதுசு. நான் தான் மாத்தினேன்.

ராஜையன்: அப்ப டயர்ல காத்து பாரு.

தங்கபாய்: காத்து இல்லேன்னா ஸ்டார்ட் ஆகாதா?

ராஜையன்: நீ எனக்கு படிச்சுத் தராத கேட்டியா. பதினெட்டு வருஷம் சவுதில, தமாம்ல ஸ்பேர் பார்ட்ஸ் கடையில நிண்ணவனாக்கும் நான்.

தங்கபாய்: நிண்ணிய. சாதனத்துக்க பேரச் சொன்னா அலமாரில இருந்து எடுத்துக் குடுப்பிய. அத வண்டில எங்க மாட்டதுன்னு கேட்டா, அடுத்த ஆள விளிப்பிய.

ராஜையன்: அதுவும் ஒரு அறிவு தான்…

தங்கபாய்: செரி, அறிவு கொஞ்சம் தள்ளி இருக்கட்டு. எதுக்கு சைலன்சருக்கு நேரே கசேரய போட்டு இருக்கிய?

ராஜையன்: நெழலு இங்கன தான் இருக்கு.

தங்கபாய்: முதுகுல வெயிலு அடிக்குல்லா?

ராஜையன்: காலுக்கு நெழலு. நீ முன்னால பாரு. கோளாறு எல்லாம் முன்னால தான் வரும். பொறத்த ஒண்ணும் கிடையாது.

தங்கபாய்: வண்டி ஓடல்லேன்னா, இந்த வெள்ள வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையுமா நீங்க எதுல போவிய? உங்க நாமினேஷனும் இன்னும் குடுக்கல்லல்லா?

ராஜையன்: நானா? எனக்கு… கர்த்தர் ஒரு வழி காட்டுவாரு.

தங்கபாய்: நேத்தே குடுத்திருக்கலாம்.

ராஜையன்: முந்தி ஓடிப் போய் குடுக்கது கண்டவன் செய்யுத வேலை. செயலாளர் பதினொண்ணே முக்காலுக்கு தான் சேகர ஆபீஸ் படி ஏறணும். அங்க பத்து பேரு பொன்னாடையோட நிக்கான். ஒரு வரவேற்பு வேண்டாமா?

தங்கபாய்: பன்னிரண்டு ஆனா கதவு பூட்டிருவாங்க.

ராஜையன்: அந்தச் சட்டம் கொண்டு வந்ததே நான். ஆளு நேர்ல வரணும், பன்னிரண்டு அடிச்சா செல்லாது. கர்த்தரே வந்தாலும் செல்லாது.

தங்கபாய்: போன தடவ பாவம் ஜெஃப்ரின் மார்த்தாண்டம் டிராஃபிக் பிளாக்குல மாட்டி மூணு நிமிஷம் பிந்தினான். கெஞ்சினான். எதிர்ல ஆளே இல்லாம ஜெயிச்சிய.

ராஜையன்: சட்டம் சட்டம் தான் பிள்ளே.

தங்கபாய்: ம்… அப்ப கார்பரேட்டர் தான் அடச்சிருக்கு. சீட்டுக்கு அடில உள்ள பெட்டிய களத்தப் போறேன். பிடிங்க.

ராஜையன்: கார்பரேட்டரா? ஏய்… அது வேண்டாம்!

தங்கபாய்: ஏன்?

ராஜையன்: அத களத்தினா திரும்பப் பூட்ட நேரம் பிடிக்கும்.

தங்கபாய்: எனக்குல்லா நேரம் போகுது? நான் பிந்தினா உங்களுக்கு லாபம் தானே?

ராஜையன்: அதுக்கில்ல… கண்ணாடியத் தொடச்சுப் பாரேன்.

தங்கபாய்: கண்ணாடியத் தொடச்சா வண்டி ஓடும்! நல்ல வேள, தமாம்ல உங்கள கவுண்டர விட்டு வெளிய விடல்ல.

ராஜையன்: தங்கம், நில்லு… ஏட்டி, அந்த ஆணிய விடு…

தங்கபாய்: விட்டாச்சு. வந்தாச்சு. பெட்டியும் வந்தாச்சு. அந்தா இருக்கு கார்பரேட்டர்.

ராஜையன்: இனி போதும். பாத்தாச்சுல்லா, மூடு.

தங்கபாய்: பாத்தா செரியாவதுக்கு இது என்ன குத்துவிளக்கா? உள்ள தொறக்கணும். இந்தா… கிண்ணம்… மிதவை… இது ஜெட்டு. எவ்வளவு சின்ன ஓட்டை பாருங்க. இதுல ஒரு பொடி இருந்தா போதும், மொத்த வண்டியும் நிண்ணு போகும்.

ராஜையன்: நீ எதுக்குட்டி இவ்வளவு வாசி பிடிச்சு எனக்கு எதிரா நிக்க? உனக்கு செயலாளர் வேலை என்னண்ணு தெரியுமா? மீட்டிங்கு, மினிட்ஸு, பிஷப்பு வந்தா மாலை…

தங்கபாய்: தெரியும். அசன விருந்துக்கு அண்டா களுவுதது நாங்க. முந்நூறு பெண்டுவளுக்கு ஒரே ஒரு கக்கூஸு. அதுல வெள்ளம் வராது. ஒரு பைப்பு போடுங்கன்னு பெண்கள் ஐக்கியத்துல இருந்து எத்தன தடவ எழுதிக் குடுத்தோம்? நீங்க என்ன கெட்டினிய?

ராஜையன்: கோயில் வாசல்ல வளைவு. தூரத்துல இருந்தே தெரியும்.

தங்கபாய்: ஆமா, தூரத்துல இருந்தே தெரியுது. கர்த்தருக்க பேரு கீழ, உங்க பேரு மேல.

ராஜையன்: அது கல்லு வெட்டுனவனுக்க தப்பு…

தங்கபாய்: நான் ஜெயிச்சா முதல்ல பைப்பு. ரெண்டாவது, அந்த சட்டத்தக் களைவேன். அந்தக் கிண்ணத்துல கொஞ்சம் பெட்ரோல் ஊத்துங்க.

ராஜையன்: மணி பதினொண்ணரை ஆகுதே…

தங்கபாய்: ஆகட்டு. எனக்க முகம் வாடினா உங்களுக்கு சந்தோஷம்லா வரணும். உங்களுக்கு ஏன் வேர்க்கு?

ராஜையன்: வெயிலு… தங்கம், இத சட்டுன்னு பூட்டேன். நான் கெஞ்சிக் கேக்குதேன்.

தங்கபாய்: பூட்டுனாலும் ஓடாதுல்லா? கோளாறு இன்னும் கண்டுபிடிக்கல்லியே.

ராஜையன்: ஓடும்… ஒருவேள ஓடும். இஞ்ச பாரு! சைலன்சருக்க உள்ள என்னமோ வெள்ளையா தெரியுது!

தங்கபாய்: அப்படியா?

ராஜையன்: துணி! எவனோ துணியத் திணிச்சு வச்சிருக்கான்! எதிர்க்கட்சிக்காரன் சதியாக்கும்!

தங்கபாய்: எதிர்க்கட்சி நானாக்கும்.

ராஜையன்: வேற எவனாவது… வர மாட்டேங்குதே… சே, இவ்வளவு இறுக்கமா நான் வைக்க…

தங்கபாய்: வைக்க? துணில பச்சக் கரை போட்டிருக்கு. நீங்க தல துவட்டுத துவர்த்துல பாதி போல இருக்கு.

ராஜையன்: செரிட்டி! நான் தான் வச்சேன்! போதுமா? சொந்த வீட்டுல இருந்து ஒரு எதிரி கெளம்பினா மனுஷன் என்ன செய்வான்? பதினொண்ணே காலுக்கு துணிய எடுத்துட்டு வண்டில போலாம்னு இருந்தேன். நீ அதுக்குள்ள வண்டிய குடல உருவிப் போட்டுட்ட. பூட்டு! இப்ப பூட்டு!

தங்கபாய்: ஜெட்டு ஊறுகு.

ராஜையன்: ஊறினது போதும்!

தங்கபாய்: அரகுறையா பூட்டினா வழியில நிக்கும். செயலாளர் பாலத்துல வண்டி தள்ளிட்டுப் போனா பொன்னாடைக்கு மரியாத இருக்குமா?

ராஜையன்: எபினுக்க ஆட்டோவ விளிக்கேன்… ஹலோ, எபினே, எங்க நிக்க? கொட்டாரத்துலயா? அவ்வளவு தூரத்துல உனக்கு என்ன சோலி? கல்யாண ஓட்டமா… செரி, வை. தங்கம், மணி பதினொண்ணே முக்கால் தாண்டியாச்சு. நடந்தா?

தங்கபாய்: நடந்தா ஒரு மணிக்கூர். ஓடினா வேட்டி அவுரும்.

ராஜையன்: சிரிக்காத! வாய மூடு… ஏய், அது என்ன?

தங்கபாய்: கோயில் மணி. பன்னிரண்டு. வெள்ளம் குடிக்கியளா?

ராஜையன்: வேண்டாம். நில்லு… நான் எதுக்கு வெப்ராளப்படணும்? நானும் குடுக்கல்ல, நீயும் குடுக்கல்ல. ரெண்டு பேரும் குடுக்கல்லேன்னா பழைய செயலாளரே தொடரலாம். சட்டத்துல இருக்கு. ஹா! எழுதுனது யாரு? நான்! பாத்தியா தங்கம், கர்த்தர் வழி காட்டினாரு.

தங்கபாய்: எனக்க போன் அடிக்குது. கையெல்லாம் ஆயிலு. நீங்களே எடுத்து ஸ்பீக்கர்ல போடுங்க.

ராஜையன்: ஹலோ, யாரு?

நேசபாய்: அண்ணனா? நான் பெண்கள் ஐக்கியம் நேசபாயாக்கும். சேகர ஆபீஸ்ல இருந்து பேசுதேன். செயலாளர் பக்கத்துல உண்டா?

ராஜையன்: செயலாளர் தான் பேசுதேன். சொல்லு.

நேசபாய்: ஐயோ அண்ணே, நீங்க இல்ல. தங்கபாய் அக்கா. கதவு பூட்டியாச்சு. ஒரே ஒரு நாமினேஷன் தான் வந்திருக்கு, போட்டி இல்லாம அக்கா ஜெயிச்சாச்சு! பின்ன, இங்க உங்க ஆளுவ கொண்டு வந்த பொன்னாடை சும்மா கெடக்கு. எடுத்துட்டு வரட்டா?

தங்கபாய்: எடுத்துட்டு வா நேசம். கார்பரேட்டர் தொடைக்க ஒரு துணி வேணும். போன வச்சிருங்க.

ராஜையன்: நீ… நீ எப்ப போன? இடம் விட்டு அசையல்லியே!

தங்கபாய்: நேத்து சாயங்காலமே குடுத்தாச்சு. இதே வண்டில போய்.

ராஜையன்: அப்ப இவ்வளவு நேரம் மிதிச்சது, களத்துனது எல்லாம்… துணி இருக்கது உனக்கு முந்தியே தெரியுமா?

தங்கபாய்: விடியக்காலம் வாசல் பெருக்க வந்தப்ப பாத்தேன். பாதி வெளிய தொங்கிக் கெடந்து. ஒரு உதறுல விழுந்துரும் போல இருந்து. நான் தான் வெளக்குமாத்துக் கம்ப வச்சு நல்லா இடிச்சு ஏத்தினேன்.