படத்து ஆள் முகம் சுளிக்கவில்லை

பால்மரம் சீவுறது கை வேலை இல்லீங்கய்யா, கண் வேலை. பட்டையை மட்டும் எடுக்கணும், உள்மரத்துல கத்தி படக்கூடாது. புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டத்துல பதினாலு வருசமா நான் மண்டோர், ஆளுங்களை மேய்க்கிற கங்காணி. என் ஆளுங்க சீவுன மரத்துல ஒரு காயம் காட்டச் சொல்லுங்க, பார்ப்போம். பேர் அர்ச்சுனன். எழுதிக்கிட்டீங்களா?

நீங்க கேட்ட அந்தப் படம் ராசா டவுன்ல மருந்துக்கடை வச்சிருந்த ஜப்பான்காரர் குடுத்தது. என் தோள்வலிக்கு அவர்தான் ஊசி குத்துனார், வலி அன்னைக்கே பறந்துருச்சு. கடைச் செவுத்துல படம் தொங்குச்சு. கோவணம் கட்டுன ஒரு ஆள், உச்சந்தலையிலேருந்து கால்விரல் வரைக்கும் கோடு கோடா, கோட்டு மேல புள்ளி புள்ளியா. வைத்தியம் சீனத்துதாம், படம் அவர் பாட்டன் காலத்துல ஜப்பான்ல அச்சடிச்சதாம். உடம்புக்குள்ள ஓடுற வழி, அடைச்சா நோவு, திறந்தா சொகம்னு மலாய்ல சொன்னார். எனக்கு அது புதுசா தெரியல, தினம் மரத்துல பாக்குறதுதானே. என் ஆசையைப் பாத்துட்டு, ஓரம் கிழிஞ்ச இன்னொரு படத்தைச் சுருட்டிக் குடுத்தார். "ஊசி மட்டும்தான், அதுவும் படிச்சவன் கையால"ன்னு விரலை ஆட்டிச் சொன்னார்.

ஊசி குத்தி எந்த மரத்துல பால் வந்திருக்கு, சொல்லுங்க.

போன மாசம் என் சம்சாரம் முத்தாயிக்கு ரெண்டு காலும் வீங்கி, படுத்த படுக்கையாயிட்டா. கஞ்சி ஊத்துனது நான், தூக்கி உக்கார வச்சது நான். சொல்றதுல என்ன வெக்கம், எதுக்கெடுத்தாலும் என்னைக் கூப்பிட்டுக்கிட்டிருந்த அந்த மூணு வாரமும் எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. அதுக்கு முந்தி அவ என்கூடப் பேச்சை நிறுத்தியிருந்தா. ரப்பர் விலை விழுந்து ஆளுங்களை ஊருக்குத் திருப்பி அனுப்புற நேரம். அவ அண்ணன் கணேசமூர்த்தி அவளுக்கும் சேத்துக் கப்பல் சீட்டு வாங்கி வச்சிருந்தான்.

செவ்வாக்கிழமை தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வந்து காலை அமுக்கிப் பாத்தார். "வீக்கம் வத்திருச்சு மண்டோர், வெள்ளிக்கிழமை கப்பல் ஏறலாம்"னார். அவ சிரிச்சா. கல்யாணத்துக்கு அப்புறம் நான் பாக்காத சிரிப்பு.

டிரெஸ்ஸருக்கு என்ன தெரியும். வெளியில வத்துனாலும் உள்ள அடைப்பு இருக்குமில்ல. மறுநாள் விடியக்காலைப் பெரட்டுல ஆளுங்களை எண்ணி மரத்துக்கு அனுப்பிட்டு, லயத்து வீட்டுக்குத் திரும்பி வந்து கதவைச் சாத்துனேன். படத்தைச் செவுத்துல ஒட்டுனேன். மரம் சீவுற கத்தியை முந்தின நாளே தீட்டியிருந்தேன். படத்துல இருந்த கோட்டுப்படியே அவ உடம்புல, மரத்துக்குப் போடுற மாதிரி சாய்வா போட்டேன். கீழே பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தை வச்சேன்.

"நான் போகல, விட்டுருங்க, போகவே மாட்டேன்"னு கத்துனா. போறதைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசல. அவளாத்தான் பேசுனா.

படத்து ஆளைப் பாரு, இத்தனை கோட்டுக்கும் முகம் சுளிக்கல, நீயும் அப்படி இருன்னு சொன்னேன். நாலாவது மங்கு நிறையறப்போ அவ முகமும் அதே மாதிரி அமைதியாயிருச்சு.

உயிர் போனது என் கையாலதான், ஒத்துக்கிறேன். வைத்தியம்தான் பண்ணேன்னும் எழுதிக்குங்க. குதிகாலுக்கு மேல நரம்பு ரெண்டு கால்லயும் அறுந்திருக்கு, கோட்டுப்படி பண்ணவன் அங்க எதுக்குப் போனான்னு டாக்டர் தொரை கேட்டாராம். நல்ல கேள்விதான். படத்துல அந்த ஆள் முன்பக்கம் பாத்து நிக்கிறான், பின்னங்கால் தெரியாது. அங்க நானாத்தான் போட்டேன். முதல்ல போட்டதே அதுதான்.