ஆளுக்குப் பாதி

— கை ஏன் இப்படி நடுங்குது, குற்றாலநாதன்?

— கை மட்டுமா டாக்டரம்மா! நெஞ்சு தவில் அடிக்கு. வேட்டி இடுப்புல நிக்க மாட்டேங்கு. பிள்ளை ஏக்கத்துல நான் உருகுதேன்னு சங்கரன்கோவிலே உச்சுக்கொட்டுது. அதக் கேட்டு நானும் கொஞ்சநாள் பெருமையா உருகிப் பாத்தேன்.

— சாப்பாடு?

— அதுக்கென்ன கொற! ஏக்கத்துல இருக்கவன் இப்படியா இட்லி திம்பான்னு எம் பொண்டாட்டி இவளே கேட்டுட்டா.

— வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?

— மருந்தெல்லாம் இல்ல. இவளுக்கு நீங்க குடுத்த மாத்திரைல பாதி, அம்புட்டுத்தான்.

— என்னது? பிரம்மநாயகிக்குக் கழுத்துல தைராய்டு சுரப்பி மந்தம், அதுக்குக் குடுத்தது அது. அது சரியானாத்தான் மாதவிடாய் ஒழுங்கா வரும், கரு தங்கும். உங்களுக்கு எதுக்கு?

— மாத்திரைக் குப்பிய கோமதியம்மன் பாதத்துல வச்சு எடுத்தோம்லா? பொறவு அது பிரசாதம். ஒருத்தர் மட்டும் திங்கலாமா? கோயில்ல குடுக்க புத்து மண்ணோட சேத்து ஆளுக்குப் பாதி. நான் கோயில் ஆபீஸ் குமாஸ்தா, எம் மூளை வேற எப்படி ஓடும்?

— அது ஆட்டுச் சுரப்பியக் காயவச்சு அரைச்ச மாத்திரை.

— ஆடா! ஏட்டி, கேட்டியா? முட்டை வாடைக்கே மூக்கப் பொத்துத சைவப் பிள்ளை, அம்மனக் கும்பிட்டு ஆடு தின்னிருக்கேன்!

— சிரிக்காதீங்க. உங்க இதயத்துக்கு ஆபத்து. இன்னையோட நிறுத்துங்க. ஆனா பாதி மாத்திரைக்கு இவ்வளவு நடுக்கம் வராதே.

— எனக்கென்ன தெரியும்? இவ குடுப்பா, நான் கண்ண மூடி முழுங்குவேன். கல்யாணமான நாள்லருந்து அதான் நம்ம உத்தியோகம்.

— பிரம்மநாயகி, இனி நீ முழு மாத்திரை சாப்பிடணும். புத்து மண்ண அதோட சேக்காத, வேற நேரம் வச்சுக்கோ. உண்டானாலும் என்னைக் கேக்காம நிறுத்தக் கூடாது. வயித்துப் பிள்ளைக்கு அதால கெடுதல் இல்ல, நிறுத்தினாத்தான் ஆபத்து. முன்னால ரெண்டு தடவ கலைஞ்சதும் அந்தச் சுரப்பியாலதான்னு நினைக்கிறேன்... ஏம்மா, எதுக்கு அழுற?

— ஏட்டி, என்ன? ஆடு தின்னதுக்கா அழுத? நானே அழல!

— தண்ணி குடுங்க டாக்டரம்மா, முழு மாத்திரை ஒண்ணும் குடுங்க. இப்பமே முழுங்குதேன். இந்தத் தடவையாவது நெலைக்கட்டும்னு அவுகட்ட கூடச் சொல்லல. ஆடித் தபசுலருந்து எம் பாதியையும் அவுகளுக்கே குடுத்துட்டேன், வயித்துல இருக்கதுக்கு ஆகாதோன்னு பயந்து.